2007 போர்ஷே பாக்ஸ்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஐஎம்எஸ் பேரிங் மாத்தியாச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

க்ராய்டன்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை, ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு வாங்கிடணும்னு. வீட்ல ஒருவழியா பர்மிஷன் கெடச்சு போன வாரம் மில்டன் கீன்ஸ் பக்கம் ஒரு பாக்ஸ்டர் போய் பாத்துட்டு வந்தேன். 987 மாடல், 2007, 2.7 லிட்டர், மேனுவல், 78,000 மைல், கேக்கிற வெல 8,900 பவுண்ட். டீலர் இல்ல, வீட்ல வச்சு விக்கிறவர்தான், நல்லாதான் பேசினாரு, டீ கூட குடுத்தாரு.

விளம்பரத்துலயே பெருசா "கிளட்ச் மாத்துனப்போ ஐஎம்எஸ் பேரிங்கும் மாத்தியாச்சு" அப்படின்னு போட்டிருக்காரு. இந்த ஐஎம்எஸ் (இன்ஜினுக்குள்ள இருக்கற இடைத்தண்டு) பேரிங் உடையறது பத்தி படிச்சு படிச்சு எனக்கு தூக்கமே போயிடுச்சு, அதனால அத பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா ரெண்டு மூணு விஷயம் ஒதைக்குது. நான் போனப்போ வண்டி வெளிய நின்னுட்டிருந்துச்சு, இன்ஜின் ஏற்கனவே சூடு, "இப்பதான் கடைக்கு போய்ட்டு வந்தேன்"ன்னாரு. ஓட்டிப் பாத்தேன், நல்லாதான் இழுக்குது, ஆனா ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்னாடி டக்குனு ஒரு சத்தம். அப்புறம் பாசஞ்சர் பக்கம் கால் வைக்கிற எடத்துல லேசா ஈர வாசனை, தொட்டுப் பாத்தா ஈரமா இல்லையான்னே தெளிவா சொல்ல முடியல.

இன்ஜின பாக்கலாம்னா தொறக்கறதுக்கு பானட்டே இல்ல, முன்னாடி தொறந்தா டிக்கி, பின்னாடி தொறந்தா அதுவும் டிக்கி, எத பாத்து நான் என்ன கண்டுபுடிக்கறது? இந்த வண்டி வச்சிருக்கிறவங்க, வேலை செஞ்ச அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல.

---

கராஜ்_அண்ணை

தம்பி, அட்வான்ஸ் குடுக்காதது நல்லது, இன்னும் குடுக்காதேங்கோ.

நான் ஈஸ்ட் ஹாம் பக்கம் கராஜில வேலை, ஜெர்மன் கார்தான் கனக்க வாறது. பாக்ஸ்டர் வாங்கப் போற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது உந்த ஐஎம்எஸ்தான், அதால அதை முதல் முடிப்பம். கிராங்கில இருந்து கேம் செயினுகளுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோறதுக்கு எஞ்சினுக்குள்ள ஒரு இடைத்தண்டு இருக்கு, அதின்ர ஒரு முனையில நிக்கிற பேரிங்தான் பிரச்சினை. உள்ளுக்கு கிரீஸ் போட்டு சீல் பண்ணி வாற பேரிங். காலம் போக சீல் கிழண்டு ஒயில் உள்ள போய் கிரீஸைக் கழுவிப்போடும், பிறகு அந்தப் பழைய ஒயில் உள்ளுக்கேயே தேங்கி நிண்டு குண்டு தேயும். உடைஞ்சால் செயின் தப்பி, வால்வும் பிஸ்டனும் முட்டுப்பட்டு எஞ்சின் முடிஞ்சுது.

ஆனால் எல்லா வருசமும் ஒண்டில்லை. 1997இல வந்த முதல் கார்களில இரட்டை வரிசைக் குண்டு, அது பரவாயில்லை. 2000க்குப் பிறகு 2005 வரைக்கும் ஒற்றை வரிசை, உடைஞ்சதுகள் கூடுதலா அதுதான். அமெரிக்காவில கோட்டுக்குப் போய் 2013இல இணக்கத்துக்கு வந்த கேஸும் 2001இல இருந்து 2005 தொடக்கம் வரை செய்த கார்களுக்குத்தான். அதுக்குப் பிறகு 2008 வரைக்கும் பெரிய பேரிங் ஒண்டு போட்டவை, அது உடையிறது மிச்சம் குறைவு.

இப்ப உங்கட காருக்கு வாறன். 2007 எண்டால் அந்தப் பெரிய பேரிங். கிளச்சைக் கழட்டிப்போட்டு அந்த வாசலால அதை வெளியில எடுக்கேலாது, வாசலைவிட பேரிங் பெரிசு. மாத்துறதெண்டால் எஞ்சினை இறக்கி அதின்ர கூட்டை ரெண்டாப் பிரிக்கோணும், அவ்வளவு வேலையை ஒருத்தரும் கிளச் மாத்தேக்க சும்மா செய்யமாட்டினம். கிளச் வேலை நடக்கேக்க செய்யக்கூடியது ஒண்டுதான், பேரிங்கின்ர வெளிப்பக்கச் சீலை மட்டும் கழட்டி விடுறது, அப்ப எஞ்சின் ஒயில் நேர உள்ள போய்வரும். நல்ல வேலைதான், ஆனால் அது பேரிங் மாத்தினது இல்லை. அவர் பொய் சொல்லுறார் எண்டு நான் சொல்லேல்லை, கராஜ்காரன் சொன்னதைப் பிழையா விளங்கியிருக்கலாம். பில்லைக் கேளுங்கோ. பில்லில என்ன எழுதிக்கிடக்கு எண்டதுதான் கணக்கு.

இனி எனக்கு உண்மையா யோசனை தாற விசயம், சூடா நிண்ட எஞ்சின். நீங்கள் வாறீங்கள் எண்டு தெரிஞ்சும் முதலே ஓட்டி வச்சால் நான் ஒருக்கா யோசிப்பன். திரும்பப் போங்கோ, முதல் நாள் இரவில இருந்து ஸ்ரார்ட் பண்ணக்கூடாது எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, போன உடனே பின் டிக்கிக்குப் பக்கத்தில கையை வச்சுச் சூடு இருக்கோ எண்டு பாருங்கோ. குளிர்ல ஸ்ரார்ட் பண்ணேக்க கொஞ்சம் நீலப் புகை வந்து உடனே நிண்டால் பயப்பிடாதேங்கோ, படுத்த எஞ்சின், சிலிண்டருக்குள்ள கொஞ்ச ஒயில் தேங்கிறது வழமை. கொஞ்ச நேரம் டிக் டிக் எண்டு தட்டிப்போட்டு நிண்டாலும் பரவாயில்லை, வால்வைத் தூக்கிற லிஃப்ரருக்கு ஒயில் வரும் வரைக்கும் அப்பிடித்தான். ஆனால் றோட்டே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வந்து நிக்காமல் வந்துகொண்டே இருந்தால் ஒயிலையும் காத்தையும் பிரிக்கிற செப்பரேட்டர் கிழிஞ்சிருக்கும். அதுக்கு ஒரு சின்னச் சோதினை: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க பின் டிக்கிக்குள்ள இருக்கிற ஒயில் மூடியைத் திறந்து பாருங்கோ. லேசா இழுக்கும், அது சரி. மூடியைத் தூக்கவே விடாமல் இறுக்கி இழுத்தால் செப்பரேட்டர் சரியில்லை.

பிறகு நல்லா ஓட்டிச் சூடாக்கிப்போட்டு, ஐடிலில விட்டு, கீழ குனிஞ்சு ரெண்டு பக்கமும் காது குடுங்கோ. சூடான பிறகும் ஒரு பக்கத்தில மட்டும் விடாமல் தட்டிக்கொண்டு நிண்டால் சிலிண்டர் சுவர் கீறுப்பட்டிருக்கலாம். போர் ஸ்கோரிங் எண்டு சொல்லுறது. பிஸ்டன் பக்கத்துப் பூச்சு உரிஞ்சு சுவரைக் கீறும். இது கூட வாறது 3.4 எஞ்சினுக்கும் போர்ஷே 911இன்ர 3.6, 3.8க்கும்தான், உங்கட 2.7க்கு குறைவு, இல்லவே இல்லை எண்டு சொல்லமாட்டன். 911 எண்டால் ஒரு பக்கக் குழாய் மட்டும் கறுத்திருக்கும், அதை வச்சுப் பிடிக்கலாம், பாக்ஸ்டருக்கு குழாய் நடுவில, அந்த வித்தை வேலை செய்யாது. சந்தேகம் எண்டால் கமரா விட்டுத்தான் பாக்கோணும், பிளக் ஓட்டையால பாக்கிறது அரைவாசிதான் தெரியும், கீழ ஒயில் தட்டைக் கழட்டிப் பாத்தால்தான் வடிவாத் தெரியும்.

முன்னால டக் எண்ட சத்தம் சஸ்பென்ஷனில கீழ் ஆர்ம் புஷ், இல்லாட்டி ட்றொப் லிங்க். அதுக்குப் பயப்பிடாதேங்கோ, விலையைக் குறைக்க நல்ல சாட்டு.

---

கொங்கு_986

அண்ணன் இன்ஜினெல்லாம் அக்கு வேறா ஆணி வேறா சொல்லிட்டாருங்க, நான் ஈரத்தை மட்டும் சொல்றேன். நான் வச்சிருக்கிறது பழைய 986 (987க்கு முந்தின பாக்ஸ்டர்), பர்மிங்காம்ல இருக்கேன், இங்க மழைக்கு கேக்கவே வேண்டாம்.

இந்த வண்டிக்கு இன்ஜின விட பெரிய எதிரி இலைதான்னு நான் சொன்னா எங்க வீட்டுக்காரர் சிரிப்பாருங்க. கூரை மடங்கி உள்ள போற எடத்துல ரெண்டு பக்கமும் தண்ணி இறங்கறதுக்கு ஓட்டை இருக்கு, வேப்பமரத்தடியில நிறுத்துன மாதிரி மரத்தடியில நிறுத்தி வச்சிருந்தா எலையும் சகதியும் போய் அடச்சுக்கும், அப்புறம் தண்ணி போக வழியில்லாம சீட்டுக்கு பின்னாடி இறங்கிடும். 986ல அலாரம் கண்ட்ரோல் யூனிட் சீட்டுக்கு அடியிலயே இருக்குங்க, அது நனஞ்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, சாவியும் அதுகூட ஜோடி சேந்தது, செலவு கேட்டா மயக்கம் வந்துரும். வாங்கறதுக்கு முன்னாடி கூரைய பாதி தொறந்து அந்த ஓட்டைல ஒரு தண்ணி பாட்டில மெதுவா ஊத்திப் பாருங்க, பின் சக்கரத்துகிட்ட கீழ சொட்டணும். நின்னுச்சுன்னா அடைப்பு.

ஆனா நீங்க சொல்றது கால் வைக்கிற எடங்கறதால கூரையா இருக்காதுன்னு நெனைக்கிறேன். அது மூணுல ஒண்ணா இருக்கும். முன் டிக்கில கண்ணாடிக்கு கீழ பேட்டரி இருக்கிற எடத்துல ரெண்டு பக்கமும் வடிகால் இருக்கு, அது அடச்சிருக்கலாம், பிளாஸ்டிக் மூடியத் தூக்குனா இலை குப்பையா கெடக்குதான்னு தெரிஞ்சுரும். இல்லைன்னா கதவுக்கு உள்ள ஒரு பாலிதீன் ஷீட்டு ஒட்டியிருப்பாங்க, பசை விட்டுப்போச்சுன்னா தண்ணி கதவு வழியா உள்ள வந்துரும், இது ரொம்ப சாதாரணமுங்க, ஸ்பீக்கர் மாத்தறேன்னு யாராவது கதவ கழட்டி திரும்ப சரியா ஒட்டாம விட்டாலே போதும். மூணாவது ஏசி தண்ணி. மேட்ட மட்டும் எடுத்துப் பாக்காதீங்க, கார்பெட்டுக்கு அடியில ஸ்பாஞ்ச் தடிமனா இருக்கும், மேல காஞ்சிருக்கும், கீழ பிழிஞ்சா தண்ணி வரும். கைய நல்லா உள்ள விட்டு அமுக்கிப் பாருங்க.

பின் டிக்கிலயும் கார்பெட்ட தூக்குங்க. கூலன்ட் டேங்க் அங்கதான் இருக்கு, வயசான பிளாஸ்டிக், விரிசல் விடும். வெள்ளையாவோ ரோஸ் கலர்லயோ காஞ்ச கறை இருந்தா அதுதான். முன் பம்பர் ஓட்டையில டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கண்டென்சர் இருக்கும், அங்கயும் இலை போய் மக்கி அரிச்சு எடுத்துரும். ஏசி ஜில்லுனு வருதான்னு கட்டாயம் பாருங்க, "கேஸ் மட்டும் போட்டா போதும்"னு யாராவது சொன்னா அந்த கேஸ நீங்களே போட்டு குடுங்கன்னு சொல்லுங்க.

---

மஞ்சள்_போர்டு

இவ்வளவு பாக்கணும்னா எதுக்குய்யா அந்த வண்டி. ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிட்டு நிம்மதியா போங்க. இல்ல போர்ஷேதான் வேணும்னா கொஞ்சம் காசு சேத்து 2009க்கு மேல எடுங்க, அதுல இடைத்தண்டே கெடையாது, பேச்சே இல்ல. 2.9 வேற வருது.

---

கொங்கு_986

எம்எக்ஸ்-5 நல்ல வண்டிதானுங்க, ஆனா பழசு எடுத்தா சைடு சில்லும் முன்னாடி சேஸிஸும் துருப்புடிச்சு வெல்டிங் பட்டறையிலயே குடியிருக்கணும். நிம்மதி எல்லாம் வண்டிய பாத்து வாங்கறதுல இருக்கு.

---

க்ராய்டன்காரன்

ஐயோ எவ்வளவு விஷயம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2009 வண்டி வெல என் பட்ஜெட்டுக்கு மேல போகுது, அதனால இப்போதைக்கு இது இல்லைன்னா இதே மாதிரி வேற ஒண்ணு.

அண்ணா சொன்ன மாதிரி பில் கேட்டேன், போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. 2019ல போட்ட பில், கிளட்ச் கிட், ரியர் மெயின் சீல், அப்புறம் "ஐஎம்எஸ் சீல் ரிமூவ்டு"ன்னு ஒரே ஒரு வரி. அப்படின்னா நீங்க சொன்னதுதானே? அவர்கிட்ட கேட்டா "அதேதான், ஐஎம்எஸ் வேலை செஞ்சாச்சு"ங்கிறாரு. மனுஷன் நெஜமாவே அப்படித்தான் நம்பறாருன்னு தோணுது.

நம்பர் பிளேட்ட வச்சு எம்ஓடி (வருஷா வருஷம் நடக்கற வண்டி தகுதி டெஸ்ட்) ஹிஸ்டரி கவர்மென்ட் சைட்ல எடுத்துப் பாத்தேன், ஃப்ரீயாவே கெடச்சுது. 2018ல முன் ஸ்பிரிங் ஒடஞ்சதுன்னு ஃபெயில், அப்புறம் பாஸ். 2021லயும் 2022லயும் பின் பிரேக் பைப் துரு புடிச்சிருக்குன்னு அட்வைசரி (ஃபெயில் இல்ல, எச்சரிக்கை மட்டும்). அதுக்கடுத்த வருஷம் அந்த அட்வைசரியே காணோம், சுத்தமா பாஸ். மாத்துனதுக்கு பில் எதுவும் இல்ல. இன்னொண்ணு, 2020லேர்ந்து வருஷத்துக்கு ஆயிரம் மைல் கூட ஓடல. கம்மியா ஓடினது நல்லதுதானே?

அப்புறம் ஓவர் ரெவ் ரிப்போர்ட்னு ஒண்ணு சொல்றாங்களே அது என்ன, எடுக்கணுமா?

---

கராஜ்_அண்ணை

ஓம், பில் தெளிவு. சீல் எடுத்திருக்கினம், பேரிங் அதே பேரிங்தான். எனக்கு அதில பிரச்சினை இல்லை, உங்கட வருசக் காருக்கு அது காணும், ஆனால் "பேரிங் மாத்தினது" எண்டு கூட்டிக் கேக்கிற விலையைக் குடுக்காதேங்கோ. சீல் எடுத்த பிறகு ஒயில்தான் அதுக்கு உயிர். கொம்பனி சொன்னது ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அல்லது 20,000 மைல், நான் சொல்லுறது ஓடினாலும் ஓடாட்டிலும் வருசத்துக்கு ஒருக்கா. அவர் 2020இல இருந்து எத்தினை தரம் ஒயில் மாத்தினவர் எண்டு கேளுங்கோ. நிண்ட கார் நல்ல கார் எண்டு நினைக்காதேங்கோ. குறுக்கால கடைக்குப் போய் வந்து எஞ்சின் சூடாகாமலே நிக்கிற காருக்கு ஒயிலுக்குள்ள தண்ணியும் பெற்றோலும் சேரும், பிறேக் டிஸ்க்கின்ர உள்பக்கம் கறள் பிடிக்கும், ரயர் ஆறு ஏழு வருசமா அதே ரயரா நிக்கும். ரயரின்ர பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், கடைசி ரெண்டும் வருசம், பாருங்கோ.

ஒருக்கா ஒயில் மாத்தச் சொல்லிப்போட்டு பழைய ஃபில்ரரை வெட்டிப் பாக்க அவர் விட்டால் அதுதான் பெரிய சாட்சி. மினுங்கிற உலோகத் தூள் இருந்தால் அப்பிடியே விட்டுட்டு வாங்கோ. 987க்கு டிப்ஸ்ரிக் இல்லை, அளவு டாஷ்போட்டில பட்டை பட்டையாக் காட்டும், அதையும் போனவுடன பாருங்கோ. கடைசிப் பட்டையில நிண்டால் ஆள் மூடியையே திறக்கிறேல்லை எண்டு விளங்கும்.

ஓவர் ரெவ் கட்டாயம் எடுங்கோ, மேனுவல் கார்தானே. எஞ்சின் கம்பியூட்டர் எல்லை தாண்டிச் சுத்தினதை எல்லாம் எழுதி வச்சிருக்கும், 987இல ஆறு படி. முதல் மூண்டில எண்ணிக்கை நிண்டால் யோசிக்காதேங்கோ, லிமிற்றரில தட்டுப்பட்டதாயிருக்கும். நாலு, அஞ்சு, ஆறில எண்ணிக்கை இருந்தால் ஆரோ அஞ்சாம் கியருக்குப் போடுறதுக்கு மூண்டில போட்டிருக்கினம், அது பெடலால வாறதில்லை. பக்கத்திலேயே எஞ்சின் எத்தினையாம் மணித்தியாலத்தில நடந்தது எண்டும் இருக்கும். மொத்தம் ஓடின மணித்தியாலத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ, பழைய சம்பவம் எண்டால், அதுக்குப் பிறகு நல்லா ஓடியிருந்தால், விடலாம். மைலை அந்த மணித்தியாலத்தால பிரிச்சுப் பாத்தால் மீற்றரில கை வச்சிருக்கோ எண்டும் ஒரு கணக்கு வரும்.

---

தேம்ஸ்_கரை

குறுக்க வரேன் மன்னிக்கணும், பேப்பர் விஷயம் யாரும் சொல்லல. பிரைவேட்டா விக்கிறவர்கிட்ட வாங்குனா அப்புறம் போய் சண்டை போட பெருசா ஒண்ணும் கிடையாது. விளம்பரத்துல சொன்ன மாதிரி வண்டி இருக்கணும், முக்கியமா அதுதான் சட்டம். டீலர்னா 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டப்படி 30 நாளைக்குள்ள பெரிய பழுது வந்தா திருப்பிக் குடுக்கலாம். அதனால அந்த "ஐஎம்எஸ் மாத்தியாச்சு"ங்கிற விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அவர் இப்ப திருத்தினாலும் திருத்திடுவாரு.

வி5சி புக் (வண்டியோட பதிவு புக்) அவர் பேர்ல, அந்த வீட்டு அட்ரஸ்ல இருக்கான்னு பாருங்க. வண்டி மேல ஃபைனான்ஸ் பாக்கி இருக்கான்னு காசு கட்டி ஒரு செக் போடுங்க, எம்ஓடி சைட்ல அது வராது. முன் டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஆப்ஷன் கோடெல்லாம் அச்சடிச்ச ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், அது இல்லைன்னா மூடிய மாத்தியிருக்காங்க, முன்னாடி எங்கயோ அடி வாங்கியிருக்கு.

அப்புறம் க்ராய்டன்னா இப்ப உலெஸ்ஸுக்குள்ள (புகை அதிகமா விடற வண்டிக்கு காசு வாங்கற பகுதி), 2023 ஆகஸ்ட்லேர்ந்து லண்டன் முழுக்க. 2007 பெட்ரோல் தப்பிச்சுரும், இருந்தாலும் நம்பர் போட்டு பாத்துடுங்க, பழைய 986 எதையாவது பாக்கப் போனா ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் தண்டம் அழுதாலும் அழணும். ரோடு டாக்ஸும் அப்படித்தான், 23 மார்ச் 2006க்கு முன்னாடி பதிஞ்ச வண்டின்னா புகைல கார்பன் டை ஆக்சைடு கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல இருந்தாலும் டாக்ஸ் கே பேண்ட்லயே நின்னுடும், அதுக்கப்புறம் பதிஞ்சதுன்னா மேல ஏறிடும். எஸ் மாடல் பாக்கிறவங்களுக்கு இது வருஷா வருஷம் வலிக்கும்.

---

க்ராய்டன்காரன்

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு. சனிக்கிழமை காலைல வரேன், இன்ஜின தொடாம வைங்கன்னு சொல்லிட்டேன், "ஏன், என்ன நம்பலையா"ன்னு கொஞ்சம் மூஞ்சி சுருங்குச்சு, அப்புறம் சரின்னுட்டாரு. அங்க பக்கத்துலயே போர்ஷே மட்டும் பாக்கிற ஒரு தனி மெக்கானிக் இருக்காரு, ராம்ப்ல ஏத்தி பாத்து ஓவர் ரெவ்வும் எடுத்துத் தர்றேன்னாரு, அதுக்கும் விக்கிறவர் ஒத்துக்கிட்டாரு. அந்த பிரேக் பைப் மட்டும் என்ன பண்றதுன்னு சொல்லுங்கண்ணா, அட்வைசரி காணாம போனா சரி பண்ணிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?

---

கராஜ்_அண்ணை

எடுக்கேலாது. எம்ஓடி ரெஸ்ற் பண்ணுற ஆள் மாறினாலே அட்வைசரி மாறும், சிலவேளை கறளுக்கு மேல கிரீஸைப் பூசிப்போட்டு கொண்டுபோவினம். ராம்பில ஏத்தேக்க நீங்களும் கீழ நிண்டு, பின் சக்கரத்துக்குப் போற பைப்பைத் துணியால துடைச்சுப் பாருங்கோ. புதுசெண்டால் கொப்பர் நிறத்தில மினுங்கும் அல்லது பச்சைப் பூச்சு அப்பிடியே இருக்கும். பொருக்கு பொருக்கா உதிர்ந்தால் பழசுதான். பைப்புக்குக் காசு பெரிசில்லை, ஆனால் எஞ்சினும் கியர்பொக்ஸும் மறைக்கிற இடத்தால போறபடியால் லேபர் கூட வரும், அந்த மெக்கானிக்கிட்டயே எவ்வளவு எண்டு எழுத்தில வாங்கிப்போட்டு அப்பிடியே விலையில குறைக்கச் சொல்லுங்கோ. எக்ஸோஸ்ற் மானிஃபோல்ட் போல்ற்றையும் அதே நேரம் பாக்கச் சொல்லுங்கோ, இந்த நாட்டு உப்புக்கு அது தலை இல்லாமக் கரைஞ்சு போயிருக்கும், கழட்டப் போனால் முறியும்.

8,900 கேக்கிறாரெண்டால், எஞ்சின் சத்தமில்லாமல் நல்லா இருந்து, ஆர்மும் பைப்பும் ரயரும் செய்யவேண்டிக் கிடந்தால் நான் எண்டால் 7,500இல தொடங்குவன். வாங்கினாலும் ஒரு ரெண்டாயிரம் கையில வச்சிருங்கோ, முதல் வருசம் அது கேக்கும்.

---

கொங்கு_986

ரெண்டு சாவி குடுக்கறாரான்னும் கேளுங்க, ஒண்ணுதான் இருக்குன்னா அந்த ரெண்டாவது சாவிக்கே நல்ல தொகை ஆகும், அதையும் அந்த 7,500ல கழிச்சுக்கோங்க.